கேழ்வரகுத் தாள் அடைத்த சக்கரம்

வயது நாற்பதைத் தாண்டி, தொப்பையும் போட்டாயிற்று. இன்றைக்கும் ரோட்டில் எங்காவது டயர் வெடிக்கிற சத்தம் கேட்டால் முதலில் ஓரமாக ஒதுங்குவேன், அப்புறம் சிரிப்பு வரும். ஒதுங்குவது பழைய பயத்தினால். சிரிப்பு, அந்தப் பயத்தில் நான் ஆடிய ஆட்டத்தை நினைத்து.

அப்போது நான் கோலார் தங்கச் சுரங்கத்தின் மோட்டார் ஷெட்டில் குமாஸ்தா. எந்த ஜீப் எங்கே போயிற்று, எவ்வளவு பெட்ரோல் குடித்தது என்று எழுதுவது வேலை. ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் வண்டி நின்றுபோனால் டிரைவரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. டிரைவரே நானாக இருக்கும்போது யாரைக் கூப்பிடுவது என்று யோசித்ததே இல்லை.

கம்பெனி சர்க்கார் கைக்குப் போன பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் எங்கள் ஷெட்டுக்கு மேலதிகாரி. துரை என்போம். அவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. பச்சை நிறம். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. அதில் ஏறுவது என்று சொல்ல முடியாது, குளத்தில் இறங்குகிற மாதிரி இறங்கித்தான் உட்கார வேண்டும். துரை அதில் போகும்போது ரோட்டுக்கு மேலே அவர் தலையும் அவருடைய பெரிய நாயின் தலையும் மட்டும் தெரியும். எது துரை என்று தூரத்திலிருந்து சொல்வது கஷ்டம்.

அந்தக் காரைத்தான் நான் கேட்டு வாங்கினேன். தங்கையின் நிச்சயத்துக்கு.

தங்கை பங்காருப்பேட்டையில் பள்ளிக்கூட டீச்சர். தினம் காலையில் மாரிக்குப்பம் ரயிலில் போவாள். அதே ரயிலில், அதே பெட்டியில், கோலாரில் சர்க்கார் ஆபீஸ் வேலைக்குப் போகிற ஒரு பையனும் போனான். மாரிக்குப்பத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்தான். நல்ல பையன், எங்கள் சபையைச் சேர்ந்தவன்தான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளாத மாதிரி பார்த்துக்கொண்டே ஒரு வருஷத்துக்கு மேல் ரயிலில் போய்வந்து, கடைசியில் பேச்சு வீடு வரை வந்தது. பையனுடைய அம்மாவுக்குச் சம்மதம். மிச்சம் அப்பா.

அப்பா ரிட்டையர் ஆன வைண்டிங் டிரைவர். பாதாளத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டை, கேஜ் என்போம், மேலே இன்ஜின் ரூமில் லீவரைப் பிடித்து இழுப்பவர். வேலை முடிந்ததும் கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு, பூதிகோட்டைப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிப் போய்விட்டார். அவரைப் பற்றி எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பேச்சு இருந்தது. பையனுக்காக இரண்டு வீட்டில் பெண் பார்க்கப் போனாராம். காப்பி குடித்தாராம். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்துவிட்டாராம்.

நிச்சயத்தன்று பையனும் அவன் அம்மாவும் அத்தை வீட்டிலிருந்து நடந்தே வருவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் ஏற முடியாது. நான் போய் அழைத்துவர வேண்டும். நாலு மணிக்கு பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் பண்ணுவார். அதற்கப்புறம் அவருக்கு வேறு ஊரில் ஆராதனை. எங்கள் அம்மா ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் அன்று ராகுகாலத்தைச் சத்தமில்லாமல் பார்த்து வைத்துத்தான் நாலு மணி என்று சொல்லியிருந்தாள்.

கிளம்பும்போது தங்கை வாசல் வரை வந்தாள்.

"அண்ணா, போய் கூட்டிட்டு வா. அவ்ளோதான் உன் வேலை. ஜோக் அடிக்காதே."

"ஒண்ணே ஒண்ணு?"

"ஒண்ணு கூட வேணாம். நீ சிரிக்க வைக்கிறேன்னு ஆரம்பிச்சா யாருனா கோச்சிக்கினு போயிடறாங்க."

"இன்னாடி இப்படிச் சொல்றே. பாட்டு வாத்தியார் போனது அவராப் போனாரு."

அவள் சிரிக்கவில்லை. கார்க் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இது நடக்கலேன்னா நான் வேற யாரையும் பாக்க மாட்டேண்ணா. சொல்லிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வழி முழுக்க அந்தக் கை கதவின் மேலேயே இருப்பது மாதிரி எனக்கு இருந்தது.

பூதிகோட்டையில் அவர் வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, கையில் தடியோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன், பதில் வணக்கம் சொன்னார். "வாங்க தம்பி, மோர் சாப்பிடறீங்களா" என்று கேட்டார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. ஊர்ப்பேச்செல்லாம் பொய் என்று மனசுக்குள் துள்ளினேன். காருக்குள் அவரை இறக்கி உட்கார வைத்து, இன்ஜினைக் கிளப்பி, "ரோடு நல்லாத்தான் கீதுங்க ஐயா" என்றேன்.

பதில் இல்லை.

காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் உரக்க, "இந்த வருஷம் மழை எப்படிங்க" என்றேன்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வலது கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, என் முன்னால் இருந்த வேகமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாகப் போகிறேன் என்று கோபமோ? குறைத்தேன். முள்ளைப் பார்த்தார். ஏற்றினேன். அதற்கும் முள்ளைத்தான் பார்த்தார். முகம் கல்.

அமைதியாக இருக்கிறவர் பக்கத்தில் எனக்கு இருக்க வராது. அது ஒரு வியாதி. வாய் தானாகத் திறந்துகொள்ளும். நான் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். தங்கை சமையலைப் பற்றிச் சொன்னேன், அதில் பாதி பொய். துரையின் நாயைப் பற்றி ஒரு ஜோக், சின்ன ஜோக், சொன்னேன். சொன்ன பிறகுதான் தங்கை சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. அவர் கண் முள்ளை விட்டு அசையவே இல்லை. காப்பி கூடக் குடிக்காமலே மூன்றாவது வீடும் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ரோட்டின் மேல் கேழ்வரகு வந்தது.

அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அறுப்பு முடிந்ததும் கதிரைத் தாளோடு கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் அதன் மேல் ஏறிப் போகப் போக, மணி உதிர்ந்துவிடும். போர் அடிக்க மாடு வேண்டாம். ஆடு வந்து வாய் வைக்காமல் இருக்க ஓரத்தில் முள்ளை வெட்டிப் போட்டு, முள் நகராமல் இருக்கக் கல்லைத் தூக்கி வைத்திருப்பார்கள். வண்டி வந்தால் நேராக ஏறிப் போக வேண்டும். அதுதான் மரியாதை. பச்சைக் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் காருக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்தான். தாள் அடியில் சுற்றிக்கொண்டால், சூட்டில் பற்றிக்கொண்டால், துரைக்கு என்ன சொல்வது? சம்பந்தியைக் கொளுத்தினேன் என்று தங்கைக்கு என்ன சொல்வது? கடைசி நொடியில் ஒதுங்கினேன். முள்ளின் மேல், அதற்கும் மேலே இருந்த கல்லின் மேல்.

டமார் என்றது. கார் ஒரு பக்கமாக நொண்டியது. நான் பிரேக்கை மிதிக்கும் முன்னால் என் இடது தொடையை ஒட்டி ஒரு கை பாய்ந்து வந்து, நடுவில் இருந்த கைப்பிரேக்கை வேரோடு பிடுங்குகிற மாதிரி இழுத்தது. கார் குலுங்கி நின்றது.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார் அவர்.

"நின்னுடுச்சுங்க ஐயா."

"முழுசா?"

"முழுசா நின்னுடுச்சுங்க."

அவர் மூச்சை விட்டு, சாய்ந்து உட்கார்ந்து, பேச ஆரம்பித்தார்.

"மழை இந்த வருஷம் பரவாயில்ல தம்பி, ஆனா பின்மழை மோசம் பண்ணிடுச்சு. அது இருக்கட்டும், இந்த வண்டிக்கு மேல கூரையே கிடையாதா, இல்ல வூட்டுல வச்சிட்டு வந்துட்டியா? துரை நாய் கதை சொன்னியே, அது இன்னா ஜாதி? எங்க வூட்டுல ஒண்ணு இருந்தது, எலியைப் பாத்தா அதுதான் கட்டில் மேல ஏறும்."

நான் எதையும் காதில் வாங்கவில்லை. இறங்கிப் பார்த்தேன். முன் சக்கரம் சப்பட்டை. பரவாயில்லை, ஸ்டெப்னி இருக்குமே என்று டிக்கியைத் திறந்தேன். அதற்குள் மடித்து விரித்த ஒரு கம்பளி, அதன் மேல் ஒரு எலும்பு. அவ்வளவுதான். நாய் படுத்துக்கொள்ள வசதியாக ஸ்டெப்னியைத் துரை எடுத்துவிட்டிருக்கிறார். ஜாக்கி இருந்தது, டயர் கழற்றுகிற இரும்புப் பட்டைகள் இருந்தன. சக்கரம் மட்டும் இல்லை. கம்பளியைத் தூக்கிப் பார்த்தேன். எலும்பைத் தூக்கிப் பார்த்தேன். எலும்புக்கு அடியில் சக்கரம் இருக்கும் என்று எந்த மடையன் நினைப்பான்? நான் நினைத்தேன்.

ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பஸ் இல்லை, லாரி இல்லை. காரைச் சுற்றி ஒரு சுற்று நடந்தேன். இன்னொரு சுற்று. டயரை உதைத்தேன். உதைத்த கால் வலித்தது. டிக்கியை மூடிவிட்டு, ஒருவேளை சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடியும் திறந்தேன். எலும்பு அங்கேயே இருந்தது.

"இன்னா தம்பி, தேடறது கிடைச்சுதா?" என்றார் உள்ளேயிருந்து.

"இதோ, இப்ப ஆயிடும்ங்க ஐயா."

"அவசரம் இல்ல. உன் தங்கச்சி சமையல் பத்திச் சொன்னியே, அதுல இன்னா உண்மை, இன்னா பொய்?"

எனக்கு அழுகை வராத குறை. கேழ்வரகுக்குச் சொந்தக்காரி புளியமரத்து நிழலிலிருந்து எழுந்து வந்தாள். கையில் முறம். என்னைப் பார்க்கவில்லை, தன் முள்ளைத்தான் பார்த்தாள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினாள்.

"லாரிக்காரன் கூட நேரா போறான். நீ இன்னாத்துக்கு ஓரமாப் போனே சாமி?"

"கதிர் கெட்டுப்போகக் கூடாதுன்னுமா."

"கெடறதுக்குத்தானே போட்டு வச்சிருக்கேன். இந்த வண்டி ஏறினா இன்னா ஆகும், கோழி மிதிச்ச மாதிரி ஆகும்." காருக்குள் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். "பெரியவரைத் தொட்டியில உக்கார வச்சி எங்க எடுத்துகினு போறே?"

"நிச்சயத்துக்கு. நாலு மணிக்குப் போகணும். டயர்ல காத்து போச்சு, வேற சக்கரம் இல்ல."

"காத்து இல்லேன்னா தாளைப் போடு. எங்க வண்டியெல்லாம் தாளைத் தின்னுதான் ஓடுது." சொல்லிவிட்டுத் தன் மாடுகளைக் கைகாட்டி அவளே சிரித்தாள். காருக்குள் இருந்தவரும் சிரித்தார்.

ஊரைக் கிண்டல் பண்ணிப் பிழைக்கிறவன் நான். என்னைக் கிண்டல் பண்ணினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. டயருக்குள் காற்று எதற்கு? உப்பி இருப்பதற்குத்தானே. உப்பி இருக்க வேறு எது இருந்தால் என்ன?

"அம்மா, தாள் கொஞ்சம் தர்றியா?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"ஐயையோ, வெயில் தலைக்கு ஏறிடுச்சு இவருக்கு" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு, போய் ஒரு கட்டு உதிர்த்த தாளைக் கொண்டுவந்து போட்டாள்.

ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரத்தைக் கழற்றினேன். ஷெட்டில் மெக்கானிக்குகள் டயரைப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் நின்று டீ குடித்திருக்கிறேன், அந்த அனுபவம்தான். பட்டையை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் டயர் துள்ளிக்கொண்டு கையைக் கடித்தது. பெரியவர் தடியை ஊன்றி இறங்கி வந்து டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார், நகராமல் இருக்க. உட்கார்ந்த இடத்திலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். மகனைப் பற்றி, முழங்காலைப் பற்றி, மாங்கன்று நட்டது பற்றி. நான் சூரியனைப் பார்ப்பதும் தாளைத் திணிப்பதுமாக இருந்தேன். கிழிந்த டியூப்பை உருவி எறிந்துவிட்டுத் தாளைத் திணித்தேன், திணித்தேன், கட்டு முழுக்க உள்ளே போயிற்று. இன்னொரு கட்டு கேட்டேன். "எருமை கூட இவ்ளோ தின்னாது" என்றாள் அவள். தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்து அடைத்தோம். டயரின் ஓரத்தைத் திருப்பி உள்ளே தள்ளும்போது என் நகம் ஒன்று போயிற்று. மாட்டி இறக்கினேன். கார் ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்து, ஆனாலும் நின்றது.

அந்தப் பெண் வாயில் கை வைத்துப் பார்த்தாள். "போறப்பயாவது கேவுரு மேல ஏறிப் போ சாமி" என்றாள்.

பெரியவர் உள்ளே இறங்கி உட்கார்ந்தார். நான் இன்ஜினைக் கிளப்பினேன். அவர் விரல் மடக்கி டேஷ்போர்டில் மூன்று தட்டுத் தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கேஜ்ல மூணு தடவை மணி அடிச்சா ஆள் ஏறியிருக்குன்னு அர்த்தம். இனிமே நான் பேச மாட்டேன். இழுக்கிறவன் கூட யாரும் பேசக் கூடாது. எங்க இன்ஜின் ரூம்ல போர்டே போட்டிருக்கும். நீ பேசுறே, எனக்கு பயமா கீது. எனக்குப் பேச வேண்டியது நிறைய கீது, ஆனா நீ வண்டிய நிறுத்து, அப்புறம் பேசலாம்."

சொல்லிவிட்டு முள்ளைப் பார்க்க ஆரம்பித்தார்.

வழியெல்லாம் அவர் என்னிடம் கோபமாக இருக்கவில்லை. எனக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கயிற்றின் நுனியில் கூண்டு நிறைய ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு முள்ளைப் பார்த்தே இத்தனை வருஷம் வாழ்ந்தவர். இன்ஜின் ரூமில் இருக்கிற அந்த முள், கூண்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். லீவரைப் பிடித்தவனிடம் பேசினால் ஆள் சாவான். நான்தான் லீவரைப் பிடித்துக்கொண்டு ஜோக் அடித்திருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே அது நீளமான மௌனம். கேழ்வரகின் மேல் ஏறிப் போனோம். மாட்டு வண்டி வேகம்தான். அதற்கு மேல் போனால் டயருக்குள்ளிருந்து புகை வந்தது. சைக்கிள்காரன் ஒருத்தன் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, நிறுத்தி, மறுபடி நாங்கள் அவனைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் ரோடு நெடுக எங்கள் தாள் உதிர்ந்து கிடந்தது. சுரங்கத்துக் கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேடு கண்ணில் தெரிந்தபோது ஷிப்டு சங்கு ஊதியது. பாஸ்டர் ஐயா இந்நேரம் வந்திருப்பார் என்று எனக்குள் ஒருத்தன் கத்தினான். வெளியே நான் சத்தம் போடவில்லை.

ஆண்டர்சன்பேட்டையில் வீட்டு வாசலில் நிறுத்தினேன். உள்ளே பாஸ்டர் ஐயா பைபிளை மடியில் மூடி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பையன் மூலையில் ஸ்டூலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான், அப்பா முன்னால் வாய் திறக்காத ரகம். அவன் அம்மா சமையல்கட்டில் எங்கள் அம்மாவோடு பேச்சில் ஐக்கியமாகியிருந்தாள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தங்கை காப்பி கொண்டுவந்தாள். வந்த வேகத்தில் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின. பெரியவர் அவள் கையையே பார்த்துக்கொண்டு காப்பியை எடுத்தார். ஒன்றும் பேசவில்லை. அவள் போய் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்தாள். பேசவில்லை. தண்ணீர் கொண்டுவந்தாள், சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் டம்ளரை எடுக்க வந்தாள், விசிறி எடுக்க உள்ளே போனாள், திரும்ப வந்தாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. என்னைப் பார்த்தாள். வழியில நீ இன்னா சொல்லித் தொலைச்சே என்று அந்தப் பார்வை கேட்டது. பாஸ்டர் ஐயா தொண்டையைக் கனைத்து மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு வீட்டிலும் என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில்தான் பெண்ணைத் தட்டைச் சுமக்க விடாமல் சும்மா உட்கார வைத்திருப்பார்கள்?

எழுந்து போய் அவள் கையிலிருந்து தட்டை வாங்கினேன். "உக்காரு."

"இன்னாண்ணா..."

"விசிறி வேணாம், முறுக்கு வேணாம். எல்லாத்தையும் கீழ வச்சிட்டு உக்காரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாஸ்டர் ஐயா கூடப் பார்த்தார். அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேலை முடிஞ்சுதாம்மா?" என்றார் பெரியவர்.

"முடிஞ்சுதுங்க."

"அப்ப ஒண்ணு கேக்கணும். ரயில்ல ஜன்னல் சீட்டை என் புள்ள உனக்கு உடுவானா, இல்ல அவனே உக்காந்துகினு வருவானா?"

மூலையில் பையன் இன்னும் குனிய இடம் தேடினான். தங்கை அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து சொன்னாள். "அவர்தாங்க உக்காருவாரு. கரி கண்ணுல பூந்துச்சின்னா மட்டும் எனக்கு உடுவாரு."

பெரியவர் சிரித்த சிரிப்பில் டம்ளர்கள் மறுபடி பேசின. "எங்க வூட்டுக்காரி கூட முதல்ல இதைத்தான் சொன்னா" என்று ஆரம்பித்து அவர் பேசின பேச்சு நிற்கவே இல்லை. பாஸ்டர் ஐயா குறுக்கே புகுந்து, "ஜெபத்துக்கு எழும்புவோமா" என்றார். எழுந்து நின்றோம். கண்ணை மூடினோம்.

வெளியே ஏதோ சத்தம், மென்று இழுக்கிற மாதிரி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து வாசலைப் பார்த்தேன். தெருவில் திரிகிற பசு ஒன்று துரையின் பச்சைக் காருக்குப் பக்கத்தில் நின்று, டயரின் விளிம்பிலிருந்து கேழ்வரகுத் தாளை நிதானமாக உருவித் தின்றுகொண்டிருந்தது. கார் அந்தப் பக்கமாக மெல்லச் சாய்ந்துகொண்டே போயிற்று. விரட்டப் போகலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணைத் திறக்காமலே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பாஸ்டர் ஐயா ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்து வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.